ஒருமுறை எழும், மறுமுறை படுத்துவிடும்: பூஸ்ட் கன்வர்ட்டரின் தொடக்கக் கோளாறு

தைப்பூசக் காவடிக்கு எல்இடி பட்டை விளக்கு கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டை 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும், அதாவது 6 வாட். கையில் இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில், சிங்கப்பூர் சிம் லிம் டவரில் வாங்கிய கட்டைவிரல் அளவு எம்டி3608 பூஸ்ட் பலகை, அதாவது குறைந்த வோல்டேஜை உயர்த்தித் தரும் கன்வர்ட்டர். வீட்டில் மேசைமேல் வைத்துப் பார்த்தபோது பளிச்சென்று எரிந்தது. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலில் காவடி எடுக்கும் நேரத்தில் சுவிட்சைப் போட்டால் மினுக்மினுக்கென்று துடிக்கிறது. அணைத்துப் போட்டால் எரிகிறது. இன்னொரு முறை போட்டால் அசைவே இல்லை. ஊர்வலம் முடியும் தேங் ரோடு கோயில் வரை தாங்குமா என்று யாராலும் சொல்ல முடியாத நிலை.

இப்படி நேர்ந்தால் பெரும்பாலோர் பலகையைக் குறை சொல்லி வேறொன்று வாங்குவார்கள். அதுவும் அதையே செய்யும். கோளாறு பெரும்பாலும் பலகைக்கு முன்னால், பேட்டரிக்கும் பலகையிலுள்ள ஐசி என்ற சில்லுக்கும் இடையே இருக்கிறது. அதுவும் சுவிட்ச் போட்ட முதல் சில மில்லி விநாடிகளில் மட்டும் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுகிறது. அந்தச் சில மில்லி விநாடிகளில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில், பூஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாக. உள்ளே ஓர் இண்டக்டர், அதாவது கம்பிச்சுருள், இருக்கிறது. ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் ஆன் ஆகும்போது பேட்டரி மின்சாரம் சுருள் வழியாக நேரே கிரவுண்டுக்குப் பாய்ந்து, சுருளில் காந்தச் சக்தி சேர்கிறது. டிரான்சிஸ்டர் ஆஃப் ஆனதும், ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைச் சுருள் சட்டென நிறுத்த விடாது. அது பேட்டரியின் வோல்டேஜோடு தன் வோல்டேஜையும் சேர்த்து, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வழியாக, மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் வெளியீட்டுக் கெப்பாசிட்டருக்குத் தள்ளுகிறது. எம்டி3608 இதை விநாடிக்குச் சுமார் 12 லட்சம் முறை செய்கிறது. 3.7 வோல்ட்டை 12 ஆக்க, ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 69 விழுக்காடு நேரம் டிரான்சிஸ்டர் ஆன் நிலையில் இருக்க வேண்டும்.

இந்த அமைப்பில் ஒன்றைக் கவனியுங்கள். ஐசி தூங்கிக்கொண்டிருந்தாலும் சுருள், டயோடு வழியாகப் பேட்டரிக்கும் லோடுக்கும் (மின்சாரத்தை இழுக்கும் பொருள், இங்கே பட்டை) நேரடித் தொடர்பு உண்டு. ஐசி வேலை செய்யாதபோதும் வெளியீட்டில் 3.3 அல்லது 3.4 வோல்ட் தெரியும். இதுவே பின்னால் நமக்கு நல்ல அடையாளம். ஆபத்தும் இங்கேதான்: வெளியீட்டில் ஷார்ட் ஆனால் ஐசியால் தடுக்கவே முடியாது, பேட்டரி மின்சாரம் அப்படியே பாயும். அதனால் பேட்டரியை ஒட்டி 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இப்போது கணக்கு. வெளியே 6 வாட் வேண்டும். 85 விழுக்காடு திறன் என்று கொண்டால் உள்ளே 7 வாட்டுக்குச் சற்று மேல் போக வேண்டும். 3.7 வோல்ட்டில் அது 1.9 ஆம்பியர். "பட்டை அரை ஆம்பியர்தானே" என்று மெல்லிய ஜம்பர் வயரைப் போடுவது இங்கேதான் தவறுகிறது. பேட்டரிப் பக்கம் நான்கு மடங்கு ஓடுகிறது.

சாதாரண பல்புக்கு வோல்டேஜ் குறைந்தால் மின்னோட்டமும் குறையும். பூஸ்ட் அதற்கு நேர்மாறு. வெளியே 12 வோல்ட்டை விடக்கூடாது என்பது அதன் பிடிவாதம். உள்ளே வோல்டேஜ் குறையக் குறைய மின்னோட்டத்தை அதிகமாக இழுத்து அதே 7 வாட்டை எடுக்கப் பார்க்கும். அதிகமாக இழுத்தால் வயரில் வோல்டேஜ் இன்னும் விழும். விழுந்தால் இன்னும் இழுக்கும். சேற்றில் கால் வைத்தவர் கதைதான்.

ஓரளவுக்கு மேல் இது தாங்காது. அந்த எல்லையை எண்ணிலேயே சொல்லிவிடலாம். பேட்டரி வோல்டேஜை அதே எண்ணால் பெருக்கி, வழியில் உள்ள மொத்தத் தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வருவதுதான், அந்த வழியாகக் கொண்டுசெல்ல முடிந்த அதிகபட்ச வாட். செல்லின் உள்தடை, ஹோல்டரின் ஸ்பிரிங், சுவிட்ச், வயர், பாதுகாப்புப் பலகை எல்லாம் சேர்ந்து அரை ஓம் என்று வையுங்கள். செல் 3.7 வோல்ட்டில் இருந்தால் 13.69ஐ 2ஆல் வகுக்க 6.8 வாட் வருகிறது. நமக்கு வேண்டியது 7க்கு மேல். எந்த ஐசி போட்டாலும் இது ஓடாது. அதே அரை ஓமில், அப்போதுதான் சார்ஜ் ஏற்றிய 4.2 வோல்ட் செல் 8.8 வாட் தரும். வீட்டில் எரிந்து கோயிலில் எரியாமல் போனதன் ரகசியம் இதுதான். மேசைமேல் செல் முழுதாக நிறைந்திருந்தது.

தடையை 0.3 ஓமுக்கு இறக்கிப் பாருங்கள். 3.7 வோல்ட் செல் 2.4 ஆம்பியர் தரும், ஐசியின் காலில் 3 வோல்ட் நிற்கும், வண்டி ஓடும். செல் வடிந்து 3.3 வோல்ட் ஆகும்போது 2.9 ஆம்பியர், ஐசியிடம் 2.4 வோல்ட். இன்னும் ஓடும். 3.0 வோல்ட்டில் 3.8 ஆம்பியர், ஐசியிடம் 1.9 வோல்ட். எம்டி3608 சுமார் 2 வோல்ட்டுக்குக் கீழே வேலையை நிறுத்திவிடும். நின்றதும் லோடு விட்டுப்போகிறது, பேட்டரி வோல்டேஜ் மேலே ஏறுகிறது, ஐசி மறுபடி விழிக்கிறது, இழுக்கிறது, விழுகிறது. நாம் பார்த்த மினுக்மினுக்கு இந்தச் சுழற்சிதான்.

இதுவரை சொன்னது ஓடிக்கொண்டிருக்கும் நிலை. தொடங்கும்போது சுமை இன்னும் கூடும், ஏனென்றால் லோடுக்குக் கொடுப்பதோடு வெளியீட்டுக் கெப்பாசிட்டரையும் நிரப்பியாக வேண்டும். வெளிச்சம் நடுங்காமல் இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் 1000 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால், அதை 3.7இலிருந்து 12 வோல்ட்டுக்கு ஏற்ற 0.065 ஜூல் வேண்டும். கேட்கச் சிறிய எண். 5 மில்லி விநாடியில் ஏற்றினால் அது சராசரி 13 வாட். பட்டையின் 6 வாட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல்! 100 மைக்ரோஃபாரட் என்றால் 1.3 வாட்டோடு முடிந்தது. தொடங்கிவிட்டால் நன்றாக ஓடும், தொடங்குவதுதான் கஷ்டம் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. கெப்பாசிட்டர் அதிகமானால் நல்லது என்ற நம்பிக்கை பூஸ்ட்டின் வெளியீட்டில் பலிக்காது.

லோடின் குணத்தையும் பார்க்க வேண்டும். 12 வோல்ட் எல்இடி பட்டையில் மூன்று மூன்று விளக்குகள் ஒரு ரெசிஸ்டரோடு தொடராக இருக்கும். 7, 8 வோல்ட் வரை அது ஏறத்தாழ எதையும் இழுக்காது. பூஸ்ட் சுமையில்லாமல் பாதி தூரம் ஏறிவிடும், மேலே போகும்போதுதான் பாரம் ஏறும். ஆகவே பட்டை ஒரு நல்ல லோடு. மோட்டார் அப்படியில்லை, நின்ற நிலையில்தான் அதிகம் இழுக்கும். அதைவிட மோசம், பூஸ்ட்டுக்குப் பின்னால் 5 வோல்ட் தரும் இன்னொரு கன்வர்ட்டரைப் போடுவது. அது வோல்டேஜ் குறைவாக இருக்கும்போதே விழித்துக்கொண்டு, குறைந்த வோல்டேஜில் அதிக மின்னோட்டம் கேட்கும். பூஸ்ட் தரை விட்டு எழுவதற்குள் தோளில் ஆள் ஏறியது போல.

இனி நோயைக் கண்டுபிடிப்போம். மல்டிமீட்டரை வெளியீட்டில் வைத்து, கோளாறு வரும் நேரத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். அந்த எண் நிறையச் சொல்லும்.

சுத்தமாகப் பூஜ்யம் என்றால் பேட்டரியே துண்டிக்கப்பட்டிருக்கிறது. செல்லோடு வரும் பாதுகாப்புப் பலகை, அல்லது டிபி4056 சார்ஜர் பலகையில் உள்ள பாதுகாப்பு ஐசி, அதிக மின்னோட்டத்தைப் பார்த்துக் கதவை மூடிவிட்டது. பலர் தடுமாறும் இடம் இது: லோடு மாட்டியே இருந்தால் அந்தக் கதவு திறக்காது. செல்லைக் கழற்றி மாட்டினால், அல்லது சார்ஜரைச் செருகினால் உயிர் வரும். மின்வழியைத் திறந்து மூடும் இரட்டை மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஒன்றே ஒன்று உள்ள பலகைகள் ஏறத்தாழ 3 ஆம்பியரிலேயே மூடிக்கொள்ளும். நம் கணக்கில் 3 ஆம்பியர் என்பது தொட்டுவிடும் தூரம்தான்.

3.3, 3.4 வோல்ட்டில் அசையாமல் நின்றால் ஐசி சுவிட்ச் செய்யவே இல்லை. புதுப் பலகை என்றால் முதலில் அதிலுள்ள சிறிய பித்தளைத் திருகைப் பாருங்கள். எம்டி3608 பலகையில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 100 கிலோ ஓம் திருகு ரெசிஸ்டரும் சேர்ந்து வோல்டேஜைத் தீர்மானிக்கின்றன. 12 வோல்ட்டுக்குத் திருகு சுமார் 42 கிலோ ஓமில் இருக்க வேண்டும். தவறான கோடியில் இருந்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் பல சுற்றுகள் திருப்பும்வரை ஒன்றுமே மாறாது. லோடு இல்லாமல், மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருப்புங்கள், ஏனென்றால் மறுகோடியில் அது 28 வோல்ட் தரும். திருகு சரியென்றால் அடுத்து, ஐசியை இயக்க அனுமதி தரும் எனேபிள் கால். பலகையில் அது உள்ளீட்டோடு இணைந்திருக்கும். நீங்களே அமைத்த சர்க்யூட்டில் அந்தக் காலை எங்கும் இணைக்காமல் அந்தரத்தில் விட்டிருந்தால், பக்கத்தில் கை வைத்தால் எரியும், எடுத்தால் அணையும்.

8, 9, 10 வோல்ட்டில் பட்டை மங்கலாக எரிந்தபடி நின்றால் சக்தி போதவில்லை, அல்லது ஐசி தன் மின்னோட்ட எல்லையை முட்டிவிட்டது. எம்டி3608இன் எல்லை 4 ஆம்பியர். ஆனால் அது உள்ளே சுருளில் ஓடும் மின்னோட்டத்துக்கு. வெளியே கிடைப்பது, 3.7இலிருந்து 12 வோல்ட்டுக்கு, நல்ல நாளிலேயே 1 ஆம்பியர். உள்ளீடு 2.5 வோல்ட்டுக்கு விழுந்தால் 0.7 ஆம்பியர். பலகையின் விளம்பரத்தில் "2 ஆம்பியர்" என்றிருப்பதை வெளியீட்டு மின்னோட்டம் என்று எடுத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள்.

எண் ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்கினால் முன்னே சொன்ன விழுந்து எழும் சுழற்சி.

அடுத்து நான்கு சோதனைகள், இதே வரிசையில். லோடு இல்லாமல் தொடங்குகிறதா? பாதி லோடோடு தொடங்குகிறதா? லோடு இல்லாமல் தொடங்கி, பிறகு முழு லோடையும் மாட்டினால் தாங்குகிறதா? முழு லோடோடு தொடங்குகிறதா? மூன்றாவது வெற்றி, நான்காவது தோல்வி என்றால் தொடக்கச் சுமைதான் காரணம். மூன்றாவதும் தோல்வி என்றால் வழியின் தடை அல்லது செல். பட்டைக்குப் பதிலாக 47 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் இரண்டை இணையாகப் போடுங்கள், 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும். ஒன்று மட்டும் போட்டால் பாதி லோடு. கை சுடும், பிளாஸ்டிக்மேல் வைக்க வேண்டாம்.

பாலிடெக்னிக்கில் படிப்பவர் என்றால் ஆசிலோஸ்கோப் கிடைக்கும். முதல் முனையை ஐசியின் உள்ளீட்டுக் காலிலேயே வையுங்கள், பேட்டரியில் அல்ல. பேட்டரியில் 3.6 காட்டும்போது ஐசியில் 2.1 இருக்கலாம், அந்த வித்தியாசம்தான் நாம் தேடுவது. இரண்டாவது முனை வெளியீட்டில். ஒரு கட்டத்துக்கு 2 மில்லி விநாடி, ஒற்றைத் தூண்டல், உள்ளீடு 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது பதிவு செய்யும்படி வைத்துச் சுவிட்சைப் போடுங்கள். வெளியீடு ஏறும் அதே நேரத்தில் உள்ளீட்டுக் கோடு பள்ளமாக இறங்கி, 2 வோல்ட்டைத் தொட்டதும் இரண்டும் திரும்பினால் சாட்சி கையில் கிடைத்துவிட்டது. சாதாரண மல்டிமீட்டருக்கு இந்தப் பள்ளம் கண்ணில் படாது. அது வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆசிலோஸ்கோப் இல்லாவிட்டாலும் வழி உண்டு. ஓடும் நிலையில் மீட்டரை வோல்ட்டில் வைத்து, முள் ஒன்றைச் செல்லின் முனையிலும் மற்றதைப் பலகையின் உள்ளீட்டு முனையிலும் தொடுங்கள். பிளஸ் பக்கம் ஒரு முறை, மைனஸ் பக்கம் ஒரு முறை. 2 ஆம்பியர் ஓடும்போது பிளஸ் பக்கம் 0.3 வோல்ட் காட்டினால் அந்தப் பாதையில் 0.15 ஓம் இருக்கிறது. பிறகு ஹோல்டர், சுவிட்ச், வயர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தால் குற்றவாளி பிடிபடுவார். பெரும்பாலும் அது ஹோல்டரின் ஸ்பிரிங்காகவோ, ஈயம் வைக்காமல் செருகிக் கட்டும் பிரெட்போர்டாகவோ இருக்கும். 1.2 மெகாஹெர்ட்ஸில் சுவிட்ச் செய்யும் ஐசியைப் பிரெட்போர்டில் நேராகக் கட்டவே கூடாது.

ஆய்வுக்கூட பவர் சப்ளையைப் போட்டுச் சோதிப்பவர்கள் மின்னோட்ட எல்லையை 5 ஆம்பியருக்கு ஏற்றிவிட்டுத் தொடங்குங்கள். 1 ஆம்பியரில் வைத்திருந்தால் சப்ளையே வோல்டேஜை இறக்கிவிடும், பூஸ்ட் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வராது. நல்ல சர்க்யூட்டைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

சரிசெய்வது தடையிலிருந்து தொடங்கட்டும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு 0.023 ஓம்தான், போக வர அரை மீட்டர் என்றால் ஒன்றுமே இல்லை. ஜம்பர் வயர் அதைப்போல் பத்து மடங்கு, அதன் முனைகளின் தொடுதடை தனி. ஸ்பிரிங் ஹோல்டருக்குப் பதில் நிக்கல் பட்டை வெல்ட் செய்த செல்லை வாங்குங்கள். செல்லின் மேல் நேராக ஈயம் வைத்துச் சூடேற்ற வேண்டாம். சுவிட்ச் 5 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும்.

"உள்ளீட்டில் ஒரு கெப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடும்" என்ற அறிவுரையை அடிக்கடி கேட்கலாம். 470 மைக்ரோஃபாரட் ஒன்றைப் பலகையின் உள்ளீட்டை ஒட்டிப் போடுவது நல்லதுதான், நீள வயரின் இண்டக்டன்ஸால் வரும் துடிப்பை அடக்கும். ஆனால் 3 ஆம்பியர் இழுத்தால் அது 0.16 மில்லி விநாடியில் ஒரு வோல்ட் இறங்கிவிடும். 5 மில்லி விநாடித் தொடக்கத்தை ஒரு வோல்ட் இறக்கத்துக்குள் தாங்கிப்பிடிக்க 15,000 மைக்ரோஃபாரட் வேண்டியிருக்கும். தடையைக் கெப்பாசிட்டரால் ஈடுகட்ட முடியாது.

வெளியீட்டில் கெப்பாசிட்டரை 100 மைக்ரோஃபாரட்டுக்குள் வையுங்கள். ஐசியில் மென்தொடக்கக் கால், அதாவது வெளியீட்டை மெதுவாக ஏற்றவைக்கும் கால், இருந்தால் அதிலுள்ள கெப்பாசிட்டரை இரட்டிப்பாக்கினால் ஏறும் நேரம் இரட்டிப்பாகி, நிரப்பும் சக்தி பாதியாகும். எம்டி3608இல் அந்த வசதி வெளியே இல்லை.

லோடு பொல்லாதது என்றால் அதைத் தாமதமாக மாட்டுங்கள். பி-சானல் மாஸ்ஃபெட் ஒன்றை வெளியீட்டின் பிளஸ் வழியில் வையுங்கள், சோர்ஸ் பூஸ்ட் பக்கம், டிரெயின் லோடு பக்கம். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 100 கிலோ ஓம். கேட்டிலிருந்து இன்னொரு 100 கிலோ ஓம், ஓர் என்பிஎன் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு. அதன் எமிட்டர் கிரவுண்டில். பேஸுக்கு, பூஸ்ட் வெளியீட்டிலிருந்து 9.1 வோல்ட் ஜீனர், அதைத் தொடர்ந்து 10 கிலோ ஓம். பேஸுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 கிலோ ஓம். வெளியீடு 9, 10 வோல்ட்டை எட்டியபின்தான் கதவு திறக்கும். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 100 நானோஃபாரட் சேர்த்தால் சில மில்லி விநாடிகளில் மெதுவாகத் திறக்கும். இரண்டு 100 கிலோ ஓம் இருப்பதால் கேட்டுக்கு 6 வோல்ட்தான் போகிறது. ஏஓ3401 போன்ற சிறிய மாஸ்ஃபெட்டின் கேட் தாங்குவது 12 வோல்ட் மட்டுமே என்பதால் இந்தப் பங்கீட்டை விட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் காவடிக்கு எங்கள் பரிந்துரை, ஒரு செல்லை விட்டுவிட்டு இரண்டு செல்லைத் தொடராகப் போடுவதுதான். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் அதே தடை வழியே போகக்கூடிய சக்தி நான்கு மடங்கு. அரை ஓமிலேயே 27 வாட் வரும். அப்போது எக்ஸ்எல்6009 பலகையும் பொருந்தும். அதன் உள்ளீடு 5 வோல்ட்டிலிருந்து 32 வரை. அதே பலகையை ஒற்றைச் செல்லில் மாட்டி "சிலநேரம் எழுகிறது" என்று வியப்பவர்கள் உண்டு. 5 வோல்ட்டுக்குக் கீழே அது எழுந்தால் அதிர்ஷ்டம், எழாவிட்டால் குற்றமில்லை. இரண்டு செல்லுக்கு இரண்டு செல் பாதுகாப்புப் பலகை வேண்டும், ஒற்றைச் செல்லுக்கானது ஆகாது.

மற்ற காரணங்கள் அரிதானவை, ஆனாலும் தெரிந்திருக்கட்டும். மலிவான சுருள் 2, 3 ஆம்பியரில் நிறைவடைந்து சுருள் என்ற தன்மையையே இழந்துவிடும். தொடக்கத்தில்தான் அந்த அளவு ஓடும். 22 மைக்ரோஹென்ரி, 4 ஆம்பியருக்கு மேல் தாங்குவதாக மாற்றிப் பாருங்கள். எஸ்எஸ்34 ஷாட்கி டயோடு எரிந்ததற்கு 1என்4007 போட்டவர்கள், அதை எடுத்துவிடுங்கள். அது அணைவதற்கே ஒரு மைக்ரோ விநாடிக்கு மேல் எடுக்கும், இங்கே ஒரு முழுச் சுற்றே 0.83 மைக்ரோ விநாடிதான். வெளி மாஸ்ஃபெட்டை ஓட்டும் யூசி3842 ஐசி 16 வோல்ட் கிடைத்தால்தான் விழிக்கும், 12 வோல்ட்டில் கிடந்து உறங்கும். அங்கே 8.4 வோல்ட்டில் விழிக்கும் யூசி3843 வேண்டும். யூஎஸ்பி-சி சாக்கெட் வழியாக மின்சாரம் எடுப்பவர்கள், இரண்டு சிசி கால்களிலும் தனித்தனியே 5.1 கிலோ ஓம் கிரவுண்டுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரு முனையும் சி உள்ள கேபிளில் ஒரு வோல்ட்கூட வராது, பழைய ஏ முனைக் கேபிளில் மட்டும் வரும்.

நம்மூர் ஈரப்பதத்துக்கென்று ஒன்று. வெளியீட்டு வோல்டேஜைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள் மெகா ஓம் அளவில் உள்ள பலகைகளில், ஈயம் வைத்தபின் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸ் ஈரத்தை உறிஞ்சி மெல்லிய கசிவுப் பாதையாகிவிடும். குளிர்சாதன அறையில் ஒரு வோல்டேஜ், மழை பெய்த மாலையில் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வேறொரு வோல்டேஜ். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்து, நன்றாக உலர்ந்தபின் பாருங்கள்.

எல்லாம் மாற்றியபின் நிறைந்த செல்லில் சோதித்துத் திருப்திப்படாதீர்கள். ஒற்றைச் செல்லை 3.3 வோல்ட் வரை வடித்து, பட்டையை மாட்டியே வைத்து, சுவிட்சை இருபது முறை போட்டு அணையுங்கள். ஒவ்வொரு முறையும் வெளியீட்டுக் கெப்பாசிட்டர் இறங்க பத்து விநாடி விடுங்கள். பிறகு பலகை சூடாகும்வரை அரைமணி ஓடவிட்டு, சூட்டோடு இன்னும் இருபது முறை. நாற்பதில் ஒன்று தவறினாலும் ஐசியின் உள்ளீட்டுக் காலுக்கே திரும்பிப் போங்கள்.